யார் சொன்னது, எழுதி வச்சமா?

நபி (ஸல்) அவர்கள் மறைந்து இருநூறு வருஷம் கழிச்சுத்தான் ஹதீஸ்கள் எழுதப்பட்டன எண்டு சொல்றதை நாங்க அடிக்கடி கேட்கிறம். அது சரியில்லை. 870 இல் வபாத்தான புகாரி இமாம் செய்தது தேடித் தரம்பிரித்துத் தொகுத்த வேலை. எழுதுறது அதுக்கு எவ்வளவோ முந்தியே தொடங்கிட்டு. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) நபியவர்களிடம் கேட்டு எழுதிய ஏட்டுக்கு ‘ஸாதிகா’ எண்டு பேர். அபூஹுரைரா (ரலி) அவர்களின் மாணவர் ஹம்மாம் இப்னு முனப்பிஹின் ஏட்டில் 138 ஹதீஸ்கள். அது இன்றும் அச்சில் கிடைக்குது.

717 இல் கலீபாவான உமர் இப்னு அப்துல் அஸீஸ், ஹதீஸ்களைத் தேடி எழுதச் சொல்லி மதீனாவிலிருந்த அபூபக்ர் இப்னு ஹஸ்முக்குக் கடிதம் அனுப்பினார். காரணம் ஒரு பயம்: தெரிந்தவர்கள் மௌத்தானால் அறிவும் அவங்களோட போயிடும்.

புத்தளம் கரையோரத்தில் வளர்ந்த எங்களுக்கு அந்தப் பயம் இப்ப வரவேணும். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது கற்பிட்டி, ஆலங்குடா, தில்லையடி எண்டு இந்தப் பக்கம்தான். அன்று நாற்பது வயசில் வந்தவங்களுக்கு இன்று எழுபது தாண்டிட்டு. வந்தவங்களுக்குச் சோறும் இடமும் குடுத்த ஊராக்களுக்கும் அதே வயசுதான். அறிக்கைகள் வந்திருக்கு, உண்மைதான். ஆனா ஒவ்வொரு வீட்டுக் கதையும் அதுக்குள்ள அடங்காது.

ஒவ்வொரு ஒக்டோபரிலும் வட்ஸ்அப்பில் கதைகள் சுத்துது. சொன்னது யார், எந்த ஊர், கண்டதா கேட்டதா? ஒண்டும் இருக்காது. ஹதீஸ்கலை அறிஞர்கள் செய்தியோட அதைச் சொன்னவரின் பேரையும், அவர் யாரிடம் கேட்டார் என்பதையும் சேர்த்தே எழுதினாங்க. அறிவிப்புகள் வேறுபட்டா, எல்லாத்தையும் கலந்து ஒண்டாக்காம தனித்தனியாவே பதிந்தாங்க.

எங்கட கதைகளுக்கு ஹதீஸின் அந்தஸ்து இல்லை. அந்த ஒழுங்கைக் கடன் வாங்கலாம். கையில் போன் இருக்கு. உம்மும்மாவின் குரலைப் பதிவோம். அவர் சம்மதிச்சா பேர், ஊர், திகதி எழுதுவோம். வாப்பா வேறமாதிரிச் சொன்னா அதையும் அவர் பேரில் எழுதுவோம். எது சரியெண்டு பிறகு பார்க்கலாம். முதல்ல எழுதுவோம், கேட்க ஆள் இருக்கும்போதே.