ரயில் கடவையில் நிறுத்தாதே என்றால், எங்கே நிறுத்துவது?

நாவலப்பிட்டியிலிருந்து பதுளை வரை ரயில் பாதை தேயிலை மலைகளுக்கு நடுவேதான் போகிறது. கோப்பியையும் தேயிலையையும் கொழும்புக்கு இறக்கப் போட்ட பாதை அது. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்த ரயில், 1924இல் பதுளையைத் தொட்டது. பாதை வந்த நாளிலிருந்தே தோட்டத்து ரோட்டும் தண்டவாளமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. லயனுக்கும் பாடசாலைக்கும் நடுவே ஒரு கடவை, மலைக்கும் ஸ்டோருக்கும் நடுவே ஒரு கடவை என்று வாழ்கிற குடும்பங்கள் நம்மிடையே ஏராளம்.

இந்தக் கடவைகளைச் சுற்றி என்ன நடக்கிறது என்று காலை ஏழு மணிக்குப் போய் நின்று பாருங்கள். பிள்ளைகளை இறக்க ஆட்டோ நிற்கிறது. அதற்குப் பின்னால் பாடசாலை வேன். எதிர்ப்பக்கத்தில் கடைக்குச் சாமான் இறக்கும் லொறி. கொழுந்து ஏற்றப் போகும் ட்ரக்டர் இவற்றுக்கு நடுவே புகுந்து தண்டவாளத்தின் மேல் ஏறுகிறது. முன்னால் உள்ள வண்டி நகராவிட்டால் அது அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

கடவை விதிகள் சின்னவை. கடவையின் மேலோ அதை ஒட்டியோ வாகனத்தை நிறுத்தக் கூடாது, தரித்து வைக்கவும் கூடாது. அப்பால் முழு வண்டியும் போய் நிற்க இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகே தண்டவாளத்தில் ஏற வேண்டும். கேட் மூடியிருந்தாலோ, மணி அடித்தாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ நிறுத்தற்கோட்டுக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். வரிசையை முந்திக்கொண்டு வலது பக்கத்தால் போகக் கூடாது. கேட்டும் விளக்கும் இல்லாத கடவையில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்ட பிறகே போக வேண்டும். கடவையில் கவனயீனமாக வாகனம் செலுத்தினால் அபராதம் 25,000 ரூபாவிலிருந்து தொடங்குகிறது. அது ஒரு தொழிலாளி பல நாள் மலையேறிச் சம்பாதிக்கும் பணம்.

‘நம்ம பக்கத்து ரயில் மெதுவாகத்தானே வருது, ஒரு நாளைக்குச் சில தடவைதானே’ என்று சொல்பவர்கள் உண்டு. மெதுவாக வருவது உண்மை. ஆனால் இந்தப் பாதையின் ஏற்றம் சில இடங்களில் 44 அடிக்கு ஓர் அடி. மழையில் நனைந்த தண்டவாளத்தில், அந்தச் சரிவில் இறங்கிவரும் ரயிலை சாரதி பிரேக் போட்ட இடத்திலேயே நிறுத்த முடியாது. அத்தோடு வளைவும் பனிமூட்டமும் சேர்ந்தால், தண்டவாளத்தில் நிற்கும் வண்டி அவர் கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும். நேர அட்டவணையையும் நம்ப முடியாது. தாமதமாகும் ரயிலும் சரக்கு ரயிலும் நம் கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை.

கடவை ஓரத்தில் நிறுத்திய வண்டி யாரையும் மோதுவதில்லை. அது மறைக்கிறது. ஒரு லொறி நின்றால், அதற்குப் பின்னால் புத்தகப் பையோடு நடந்து வரும் பிள்ளைக்கு ரயில் தெரியாது. ரயில் சாரதிக்கும் பிள்ளை தெரியாது. ரயில் பெட்டி தண்டவாளத்தை விட அகலமானது, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு வரும் என்பதை நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். நின்று பார்த்துப் போ என்றும் சொல்கிறோம். நின்று பார்க்கிற இடத்தையே வண்டி மறைத்திருந்தால் அந்தப் பாடத்தால் பிள்ளைக்கு என்ன பயன்?

2005 ஏப்ரல் 27ஆம் திகதியை மறக்க முடியாது. பொல்கஹவெலைக்கு அருகே யாங்கல்மோதரைக் கடவையில் ரயில் வருமுன் தாண்டிவிடப் பார்த்த பஸ்ஸில் மோதி 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அந்த அவசரத்தில் பங்கில்லை. சாரதி எடுத்த முடிவுக்கு அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் ட்ரக்டர் பெட்டியில் இருப்பவர்களும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

ஆனால் குற்றத்தை எல்லாம் சாரதியின் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிட நாங்கள் தயாரில்லை. அந்த ஆட்டோவை ஓட்டுபவர் யார்? தோட்டத்தில் வேலையும் வருமானமும் போதாமல் லீசிங்கில் வண்டி எடுத்த நம் பிள்ளை. தோட்ட ரோட்டில் வண்டி திருப்பக்கூட இடமில்லாததால்தான் அவர் கடவையடியில் நிற்கிறார். ட்ரக்டர் ஏன் அவசரப்படுகிறது? பிரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர் என்ற பயம் பெட்டியில் இருப்பவர்களுக்கு. கொழுந்து நேரத்துக்கு வராவிட்டால் ஏச்சு சாரதிக்கு. இரண்டு நிமிடம் கேட்டில் நிற்பது தொழிலாளியின் பேரை வெட்டக் காரணமாக இருக்கும் வரை, எந்த அறிவிப்புப் பலகையும் அந்த அவசரத்தை நிறுத்தாது.

கடவைக் காவலர்களையும் நினைத்துப் பாருங்கள். பாதுகாப்பற்ற கடவைகளுக்கு பொலிஸ் மூலம் அமர்த்தப்பட்டவர்கள் நெடுங்காலம் நாளொன்றுக்கு 250 ரூபாவுக்கு வேலை செய்தார்கள். நிரந்தர நியமனம் கேட்டுப் பல தடவை போராட்டத்தில் இறங்கினார்கள். ஆயிரம் ரூபாவுக்காக வருடக்கணக்கில் போராடிய நமக்கு அவர்கள் கஷ்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகளின் உயிரைக் காக்கும் வேலைக்கு நியாயமான சம்பளம் கேட்பவர்களோடு நாம் நிற்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இவை. கடவையிலிருந்து தள்ளி, ஆட்டோவும் வேனும் நின்று ஆட்களை இறக்க ஓர் இடத்தைத் தோட்ட நிர்வாகம் ஒதுக்கித் தர வேண்டும். கம்பனியிடம் காணி இல்லாமல் இல்லை. அந்த இடத்துக்கு கொங்கிறீட் போடுவதைப் பிரதேச சபை பொறுப்பேற்க வேண்டும். தண்டவாள ஓரத்து மானாப்புல்லையும் பற்றையையும் ரயில் திணைக்களம் ஒழுங்காக வெட்ட வேண்டும். கடவையில் காத்து நின்றதால் பிரட்டுக்குப் பிந்தியவருக்கு முழுப் பேர் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் பகுதியில் உள்ள கடவைகளைப் பார்த்து, எங்கே என்ன குறை என்று எழுதி, அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி, துரையிடமும் பிரதேச சபையிடமும் எழுத்தில் கையளிக்க வேண்டும். வாயால் சொன்னது மறந்து போகும்.

இடம் கிடைக்கும் வரை நாம் சும்மா இருக்கவும் முடியாது. ஆட்டோ ஓட்டும் தம்பிமாரே, கடவையைத் தாண்டி நூறு அடி தள்ளி நிறுத்துங்கள். அம்மாமாரே, ‘இங்கேயே இறக்கிவிடு தம்பி’ என்று கேட்காதீர்கள். நூறு அடி நடந்தால் கால் தேய்ந்துவிடாது. மாதர் தலைவிமார் இதை மலையில் பேச வேண்டும்.

இன்னொன்றையும் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். வண்டி தண்டவாளத்தில் பழுதாகி நின்றுவிட்டால் முதலில் ஆட்களை இறக்கித் தூரமாக அனுப்புங்கள். காவலர் இருந்தால் உடனே சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாதையின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் தண்டவாளத்துக்கு வெளியே ஓரமாக ஓடி, சிவப்புத் துணியை வீசிக் காட்டுங்கள். இரவென்றால் டோர்ச் வெளிச்சத்தை ஆட்டுங்கள். வண்டியைத் தள்ள முயல்வது அதற்குப் பிறகுதான். ரயில் சத்தம் கேட்டால் வண்டியை விட்டுவிட்டு ஓடுங்கள். லீசிங் கடனை எப்படியாவது அடைக்கலாம். போன உயிரைத் திருப்பித் தர எந்தக் கம்பனியாலும் முடியாது.

விதியை நாம் காப்போம். விதியைக் காக்க ஓர் இடத்தை நிர்வாகம் தரட்டும்.