விண்கலப் பெட்டிக்குக் கொடுக்கும் காசு வீணா?



பெருநாள் வந்தாலும், பாடசாலை விடுமுறை வந்தாலும், கட்டாரிலிருந்தோ துபாயிலிருந்தோ ஒருவர் ஊருக்கு வந்தாலும் நம் வீடுகளுக்குள் இப்போது ஒரு புதுப் பெட்டியும் வருகிறது. மேலே ஒரு விண்கலத்தின் படம், உள்ளே நூற்றுக்கணக்கான சிறிய பிளாஸ்டிக் கட்டைகள். லெகோ என்றும், லெகோ மாதிரி என்றும், "ஸ்டார் வோர்ஸ் கட்டை" என்றும் பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆசிரியர்களாகிய எங்களிடம் பெற்றோர் கேட்பது மூன்றே கேள்விகள்தான். "சேர், இது காசுக்குப் பெறுமதியா?" "ஒரிஜினல்தான் வாங்கணுமா, டுப்ளிகேட் போதுமா?" "இதுல படிப்புக்கு என்ன இருக்கு?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட, எல்லோருக்குமாக இங்கே எழுதுவது நல்லது என்று நினைத்தோம்.

முதலில் விலை. இந்த உலகத்தில் விலைக்கு எல்லையே இல்லை. 2017இல் வந்த 'மில்லேனியம் ஃபல்கன்' என்ற ஸ்டார் வோர்ஸ் விண்கலத்தில் 7,541 துண்டுகள். வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 800 அமெரிக்க டொலர். 2025இல் வந்த 'டெத் ஸ்டார்' 9,023 துண்டுகளோடு 1,000 டொலரைத் தொட்டது. ஒரு டொலரை 300 ரூபாய் என்று வைத்துக் கொண்டாலே அது 3 இலட்சம் ரூபாய். வெளிநாட்டில் வெயிலில் நின்று உழைக்கும் ஒருவருக்கு அது எத்தனை மாத உழைப்பு என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவை பிள்ளைகளுக்கென்று செய்யப்பட்டவையும் அல்ல. பெட்டியிலேயே 16 அல்லது 18 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும். அந்தப் படத்தைச் சிறு வயதில் பார்த்து, இப்போது கையில் காசுள்ள பெரியவர்கள் வாங்கி அலுமாரியில் வைப்பதற்காக வந்த பொருட்கள் அவை. அப்படி வாங்குவது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் "பிள்ளைக்கு வாங்கினேன்" என்று சொல்லாதீர்கள்.

துண்டுகளின் எண்ணிக்கையை வைத்துத் தரம் பார்ப்பதும் நம்மவர்களிடம் இருக்கிறது. "இதில் 1,000 துண்டு, அதில் 400தான்" என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த 1,000இல் எத்தனை நகம் அளவுள்ள பொட்டுத் துண்டுகள் என்று யாரும் பார்ப்பதில்லை. ஆறு கட்டைகளை எடுத்துக் கொள்ளுங்கள். எட்டுக் குமிழ் உள்ள சாதாரணக் கட்டைகள், ஆறும் ஒரே நிறம். அவற்றை 91 கோடியே 51 இலட்சத்து 3,765 விதமாகப் பொருத்தலாம் என்று டென்மார்க்கின் கணிதப் பேராசிரியர் ஒருவர் கணினி கொண்டு கணக்கிட்டிருக்கிறார். ஆறே ஆறு கட்டைக்கு இவ்வளவு! ஆகவே பெட்டிக்குள் எத்தனை துண்டு என்பதை விட, அந்தத் துண்டுகளை வேறு விதமாகப் பொருத்த முடியுமா என்பதுதான் முக்கியமான கேள்வி.

இனி, ஏன் விண்கலம்? வீடும் லொறியும் பொலிஸ் ஜீப்பும் கட்டினால் போதாதா?

ஒரு பிள்ளை லொறி கட்டினால் அது சரியா பிழையா என்று எல்லோருக்கும் தெரியும். சில்லு நான்கு வேண்டும், சாரதிக்கு முன்னால் கண்ணாடி வேண்டும். மூத்த நானா வந்து "இது லொறி மாதிரி இல்லையே" என்று சிரித்துவிடுவார். விண்கலத்துக்கு அப்படி ஒரு முடிந்த உருவம் இல்லை. பிள்ளை சிறகை முன்னால் வைக்கலாம், மூன்று வைக்கலாம், வைக்காமலே விடலாம். 'ஏன் இப்படி வைத்தாய்?' என்று கேட்டால் ஒரு காரணம் சொல்ல வேண்டி வரும். விஞ்ஞானம் தொடங்குவது அந்தக் காரணத்தில்தான்.

வகுப்பில் நாங்கள் கேட்கும் ஒரு கேள்வியை நீங்களும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். "மகன், விண்வெளியில் காற்று இல்லையே, பிறகு உன் கப்பலுக்குச் சிறகு எதற்கு?" பிள்ளை யோசிக்கும். படத்தில் வரும் விண்கலங்களுக்குச் சிறகு உண்டு. ஆனால் 1969இல் மனிதனைச் சந்திரனில் இறக்கிய அப்பலோ இறங்குகலம் சிறகே இல்லாமல் நான்கு கால் சிலந்தி போல நின்றது. ஏன்? இந்த ஒரு கேள்வியிலிருந்து காற்று, உயர்த்துவிசை, வெற்றிடம் என்று ஒரு பாடமே நடத்தி விடலாம். மூச்சுக்கு ஒட்சிசன் எங்கே வைத்திருக்கிறாய், தண்ணீர் எங்கே, எரிபொருள் முடிந்தால் எப்படித் திரும்பி வருவாய் என்று கேட்டுக் கொண்டே போகலாம். பிள்ளை கட்டையைக் கழற்றி மாற்றும். அந்த மாற்றத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

விஞ்ஞானப் புனைகதை என்றால் வீண் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இங்கே குடியேறி, 2008இல் கொழும்பில் மரணிக்கும் வரை இந்த மண்ணிலேயே வாழ்ந்த எழுத்தாளர். 1945இலேயே, பூமி சுழலும் வேகத்துக்கு ஒத்துச் சுற்றும் செய்மதிகளைச் சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தினால் உலகம் முழுதும் தொடர்பு கொள்ளலாம் என்று கட்டுரை எழுதினார். அப்போது வானத்தில் ஒரு செய்மதிகூட இல்லை. இன்று நம் வீட்டுக் கூரையில் பூட்டியிருக்கும் டிஷ் ஒரே திசையைப் பார்த்து அசையாமல் நிற்கிறதே, அந்தச் செய்மதி அங்கேயே நிற்பது போலத் தோன்றுவதால்தான். மொரட்டுவை கட்டுபெத்தையில் அவர் பெயரில் நவீன தொழில்நுட்ப நிறுவகமும் இருக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானம், தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்ல முடியுமா என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் யோசிக்கலாம்.

விண்வெளிப் பெட்டிகள் எல்லாம் ஒரே மாதிரியும் அல்ல. 1978இல் லெகோ தன் விண்வெளி வரிசையை ஆரம்பித்தபோது அதில் போர் இல்லை. விண்வெளி வீரர்கள், ஆய்வு நிலையம், சந்திரத் தரையில் ஓடும் வண்டி, இவைதான் இருந்தன. 1999இல் ஸ்டார் வோர்ஸ் உரிமம் வந்த பிறகு பெட்டிக்குள் துப்பாக்கியும் யுத்தமும் வந்தன. யுத்தத்தின் சத்தம் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். எனவே பெட்டியின் படத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கலத்தில் இருப்பவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்? சுடுகிறார்களா, தேடுகிறார்களா? தேடும் பெட்டி கிடைத்தால் அதையே எடுங்கள்.

அடுத்தது தரம். இதைக் கடையிலேயும், முடியாவிட்டால் முதல் நாளிலேயும் சோதிக்கலாம்.

ஒன்று, பிடி. இரண்டு கட்டைகளைப் பொருத்தித் தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. ஆறு வயதுப் பிள்ளை இழுத்தால் கழன்று வரவும் வேண்டும். பல்லால் கடித்துக் கழற்ற வேண்டிய கட்டை நல்ல கட்டை அல்ல. இப்போதைய இணைப்பு முறைக்கு லெகோ காப்புரிமை கோரி விண்ணப்பித்தது 1958இல். அன்றைய கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். அந்த நுணுக்கத்துக்குத்தான் அதிக விலை.

இரண்டு, சிறகு. விண்கலத்துக்கே உரிய சோதனை இது. கட்டி முடித்துக் கையில் தூக்கிக் கொண்டு பிள்ளை முற்றத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடட்டும். சிறகு தொங்கினால், மூக்கு கழன்று விழுந்தால், அந்த மொடலை வடிவமைத்தவர் படத்துக்காக வடிவமைத்திருக்கிறார், பிள்ளைக்காக அல்ல.

மூன்று, ஸ்டிக்கர். கருவிகளும் பொத்தான்களும் கட்டையிலேயே அச்சடித்திருந்தால் அவை வருடக் கணக்கில் நிற்கும். ஒட்டும் தாளாக இருந்தால் நம் ஊர் வெக்கைக்கும் வியர்வைக் கைக்கும் சீக்கிரம் உரிந்துவிடும்.

நான்கு, பாதுகாப்பு. ஓரம் கூராக இருக்கிறதா, மூக்கில் அடிக்கும் நெடி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் 3 வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் இந்தச் சிறு துண்டுகள் தரையில் கிடக்கவே கூடாது. தொண்டையில் சிக்கினால் விளையாட்டு வினையாகிவிடும்.

ஐந்து, மாற்று வடிவம். ஒரே பெட்டியில் மூன்று மொடல் கட்டும் வழிமுறையோடு வருபவை உண்டு. 2022இல் லெகோ தன் பழைய 'கெலக்சி எக்ஸ்புளோரர்' விண்கலத்தை 1,254 துண்டுகளோடு புதிதாக வெளியிட்டபோதும், அதே துண்டுகளால் இன்னும் இரண்டு கலங்கள் கட்டும் முறையைச் சேர்த்திருந்தது. வளர்ந்தவர்களுக்கான பெட்டிதான் என்றாலும் அந்த எண்ணம் நல்லது. பிள்ளைக்கு வாங்கும்போது 3 மொடல் வரும் சிறிய பெட்டி, ஒரே மொடல் வரும் பெரிய பெட்டியை விட மேல்.

டுப்ளிகேட் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டையின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கட்டையின் உருவத்தை வர்த்தகச் சின்னமாக வைத்திருக்கவும் முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. எனவே வேறு கம்பனி தன் சொந்தப் பெயரில், தன் சொந்த வடிவத்தில் பொருந்தும் கட்டைகள் செய்வது களவு அல்ல. விலை குறைவு என்பதற்காக அதை இழிவாகப் பார்க்கவும் தேவையில்லை.

ஆனால் இன்னொருவர் வடிவமைத்த மொடலை, பெட்டிப் படத்தை, சிறு மனித உருவங்களை அப்படியே பிரதி எடுத்து விற்பது வேறு விடயம். சீனாவில் 'லெபின்' என்ற பெயரில் அப்படிச் செய்தவர்களை 2019இல் ஷாங்காய் பொலிஸார் பிடித்தார்கள். 2020இல் முக்கிய நபருக்கு 6 வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. மார்க்க ரீதியாகவும் இது புதிய கேள்வி அல்ல. வர்த்தகப் பெயர், சின்னம், எழுத்து, கண்டுபிடிப்பு ஆகியவை உரியவரின் உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988இலேயே தீர்மானித்திருக்கிறது. பரீட்சையில் பார்த்து எழுதாதே என்று பிள்ளைக்குச் சொல்லும் நாம், பார்த்துச் செய்த பெட்டியைப் பரிசாகக் கொடுப்பது எப்படிப் பொருந்தும்?

அதே நேரம், வகுப்பில் ஒரு பிள்ளையைப் பார்த்து இன்னொரு பிள்ளை "உன்னுடையது டுப்ளிகேட்" என்று சொல்லிச் சிரிப்பது அதைவிடப் பெரிய பிழை. அந்தப் பேச்சு வீட்டிலிருந்துதான் வருகிறது. தயவு செய்து பிள்ளைகளுக்கு முன்னால் விலை பேசாதீர்கள்.

மனித உருவங்கள் கூடுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். விரிவான விளக்கத்தை உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் அபூதாவூதில் வரும் ஒரு சம்பவம் நமக்குத் தெரியும். ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே துணியால் சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்க, சுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததைக் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா (ரலி) பதில் சொன்னார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். ஒரு பிள்ளையின் கற்பனையை எப்படிக் கையாள்வது என்பதற்கு இதை விட நல்ல பாடம் நமக்குத் தெரியவில்லை. கண்டிக்கவில்லை, கேட்டார்கள், பதிலை ரசித்தார்கள். விளையாடியது பெண் பிள்ளை என்பதையும் கவனியுங்கள். கட்டைப் பெட்டி மகனுக்கு, சமையல் சாமான் மகளுக்கு என்று பிரிக்கும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும்.

கடைசியாக, ஷோகேஸ். நம் வீடுகளில் நடப்பது இதுதான். மாமா பெட்டி கொண்டு வருவார். வாப்பாவும் மாமாவும் சேர்ந்து ஒரே இரவில் கட்டி முடிப்பார்கள். காலையில் அது கண்ணாடிக்குப் பின்னால் போய்விடும். "உடைச்சிப் போடாத மகன், காசு குடுத்து வாங்கினது" என்று உம்மா சொல்லுவார். பிறகு அந்தப் பிள்ளைக்கு அதில் என்ன வேலை? பார்ப்பது மட்டும்தான். கட்டைக்கு மதிப்பே கழற்றுவதில்தான் இருக்கிறது. பத்துத் தடவை கழற்றிக் கட்டிய 3,000 ரூபாய்ப் பெட்டி, ஒரு தடவை கட்டி அலுமாரியில் வைத்த 30,000 ரூபாய்ப் பெட்டியை விடப் பெறுமதியானது. தரம் 5 புலமைப்பரிசிலுக்காக எட்டு வயதிலேயே பிள்ளையை டியூசனுக்கு அனுப்புகிறோம். அந்தப் பிள்ளை கையால் தொட்டு, பிழைவிட்டு, தானே திருத்தும் இடம் வேறு எங்கே இருக்கிறது?

எனவே எங்கள் வேண்டுகோள் சுருக்கமானது. வாங்க வசதி இருந்தால் சிறியதாக, பல விதமாகக் கட்டக்கூடியதாக வாங்குங்கள். முதல் தடவை வழிமுறைப்படி கட்டட்டும், இரண்டாம் தடவை வழிமுறைத் தாளை ஒளித்து வையுங்கள். வசதி இல்லாவிட்டால் கவலை வேண்டாம், தீப்பெட்டியும் யோகட் கோப்பையும் கொண்டு கட்டிய விண்கலத்துக்கும் அதே கேள்விகளைக் கேட்கலாம். உங்கள் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்து, கட்டைகள் பையில் கட்டிக் கிடந்தால், கழுவிக் காயவைத்து அருகிலுள்ள பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ கொடுங்கள். பத்து வீட்டுக் கட்டைகள் ஒன்று சேர்ந்தால் ஒரு வகுப்புக்கே போதும். அது ஸதக்காவாகவும் அமையும், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் ஊரில் இதைத் தொடங்க விரும்புபவர்கள் கீழே எழுதுங்கள், சேர்ந்து யோசிப்போம். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் தருவானாக.