துப்புரவு மீன் என்னும் பொய்

சக்கர் மீன் எனப்படும் தென் அமெரிக்கக் கெளுத்திக்குத் தனித் தீனி வேண்டியதில்லை, தொட்டியின் பாசியையும் கழிவையும் தின்றே வளர்ந்துவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். வணிகத்தின் இந்தப் பொய்யைப் படித்தவர்களும் நம்புகின்றனர்.

புதிய கண்ணாடித் தொட்டியில் குஞ்சின் பசி தீருமளவு பாசி விளைவதில்லை. பிற மீன்களின் கழிவு அதற்கு உணவுமன்று. பகலில் தூவும் மிதவைத் தீனியை மேல்மட்ட மீன்களே தின்று தீர்க்க, இரவில் இரைதேடும் கெளுத்திக் குஞ்சு அடித்தளத்தில் பட்டினி கிடக்கிறது. ஒட்டிய வயிறும் குழிந்த கண்களும் அதற்குச் சாட்சி. விளக்கணைத்த பின் அமிழும் தீனி வில்லை, இடையிடையே வேகவைத்த பூசணித் துண்டு, காலையில் எச்சத்தை அகற்றுதல், வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுதல்: இவையே அதன் நலத்துக்கு அடிப்படை.

பிழைக்கும் குஞ்சோ 40 செ.மீ. அளவுக்கும் வளரக்கூடியது. தொட்டி கொள்ளாதபோது நீர்நிலையில் விடப்படுகிறது. திருவனந்தபுரம் ஆமயிழஞ்சான் தோட்டில் இம்மீன் பரவியதை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். அதே மாவட்டத்தின் கொல்லயில், பாறசாலைக் குளங்களும் வாய்க்கால்களும் அந்நிலைக்கு வர வேண்டுமா?

பட்டினியும் கைவிடலும் ஒரே மனப்பாங்கின் விளைவுகள்: உயிரைத் துடைப்பமாகக் கருதுவது. அயல் உயிரினங்கள் குறித்துக் கருத்தரங்கு நடத்தும் துறைகள், வளர்ந்த மீனுக்கு இடமில்லாதவர் அதன் குஞ்சை வாங்கலாகாது என்பதை முதலில் தம் மாணவர்க்குச் சொல்லட்டும்.