பழுது வேறு, சாவு வேறு

"செலவழித்துச் சரிசெய்வதைவிடப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே!" இன்று நம் இல்லங்களில் அறிவுரையாகவும் தீர்ப்பாகவும் வழங்கிவரும் வாக்கியம் இது. கைக்கு அடக்கமான பழைய ஒலிநாடாக் கருவி, அதாவது நாம் பொதுவாக 'வாக்மேன்' என்றழைக்கும் கருவி, ஓடாமல் நின்றுவிட்டால் இத்தீர்ப்பு இன்னும் விரைவாக வந்துவிடுகிறது. "இக்காலத்தில் இதை யார் கேட்கிறார்கள்?" என்ற கேள்வியும் உடன் எழுகிறது. இது சாட்சிகளை விசாரிக்காமல் வழங்கப்படும் தீர்ப்பு என்பதே என் வாதம்.

முதலில், குற்றம் சாட்டப்பட்டிருக்கும் கருவியைத் திறந்து பார்ப்போம். உள்ளே ஒரு சிறு மோட்டார் சுழல்கிறது. அச்சுழற்சியை மெல்லிய ரப்பர் பெல்ட் ஒன்று சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. சக்கரத்தோடு இணைந்த உலோகத் தண்டும், அதன்மேல் அழுந்தும் ரப்பர் உருளையும் நாடாவைப் பற்றி, நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஹெட்டின் முன்னே இழுத்துச் செல்கின்றன. 1963ஆம் ஆண்டு பிலிப்ஸ் நிறுவனம் சிறு ஒலிநாடாவை அறிமுகப்படுத்திய நாள் முதல் மாறாத வேகம் இது.

இவ்வமைப்பில் காலம் முதலில் கைவைப்பது ரப்பரின்மீதே. ஆண்டுகள் பலவாகும்போது பெல்ட் தளர்ந்து நீளும்; சில கருவிகளில் தார்போல் இளகிச் சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும். பெல்ட் தளர்ந்தால் குரல் இழுபடும். உருளை இறுகிப்போனால் குரல் நடுங்கும், நாடா சிக்கிக் கசங்கும். ஹெட்டில் அழுக்குப் படிந்தால் ஒலி மங்கும். பேட்டரி கசிந்து தகடுகள் அரித்துப்போனால் கருவி ஊமையாகும். வீட்டார் 'செத்துப்போயிற்று' என்று கைவிடும் கருவிகள் பலவற்றில் இருக்கும் நோய் இவ்வளவுதான். பழைய பெல்ட்டைத் துடைத்தெடுத்து, அளவறிந்து புதியதை மாட்டி, ஹெட்டையும் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்ந்த பஞ்சால் துடைத்து, மோட்டாரின் வேகத்தைத் திருத்தினால் அவற்றுள் பல மீண்டும் பாடும். பெல்ட்டின் விலை அற்பம். பொருத்தும் கைத்திறனே மதிப்புடையது. அத்திறனுக்குரிய கூலியைக் கொடுக்க மனமின்றி, அதனினும் பன்மடங்கு பணத்தைப் புதிய பொருளுக்குக் கொடுப்பதைச் சிக்கனம் என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

எல்லாக் கருவியும் பிழைக்கும் என்று நான் கூறவில்லை. ஹெட் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கலாம். பிளாஸ்டிக் பற்சக்கரம் பிளந்திருக்கலாம். மின்தேக்கிகள் கசிந்து சுற்றுப்பலகையை அரித்திருக்கலாம். அத்தகைய கருவிக்கு விடைகொடுப்பதில் தவறில்லை. அப்போதும் அதன் மோட்டாரும் உருளையும் மூடியும் வேறொரு கருவிக்கு வாழ்வளிக்கக்கூடும். கண்தானம் பற்றி மேடையில் முழங்கும் நமக்கு இது புரியாததன்று.

"புதிதாகவே ஒலிநாடாக் கருவிகள் விற்கின்றனவே" என்று சிலர் வாதிடுவர். உண்மைதான். அண்மை ஆண்டுகளில் அவை மீண்டும் சந்தைக்கு வந்துள்ளன. ஆனால், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே வகையான எளிய, மலிவான இயக்கமைப்பின் நகல்கள். நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதியும் அவற்றில் இல்லை. ஆதலால் டால்பி முறையில் பதிவான பழைய நாடா அவற்றில் தன் இயல்பான ஒலியைப் பெறுவதில்லை. 'புதியது' என்ற சொல் 'சிறந்தது' என்ற சொல்லுக்கு ஈடாகாது.

வாக்மேன் பிறந்த கதையே இவ்வாதத்துக்குத் துணை நிற்கிறது. சோனி நிறுவனம் செய்தியாளர்களுக்காக உருவாக்கியிருந்த சிறு ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து பதிவு செய்யும் பகுதியையும் ஒலிபெருக்கியையும் நீக்கி, இசை கேட்பதற்கேற்ப மாற்றியமைத்தே 1979 ஜூலை 1ஆம் நாள் முதல் வாக்மேனை ஜப்பானில் வெளியிட்டது. இருந்ததைத் திருத்தியதால் விளைந்த புதுமை அது! தனியாக இசை கேட்பது அருகிலிருப்பவருக்கு மரியாதைக் குறைவாகுமே என்று நிறுவனத் தலைவர் அக்கியோ மொரீட்டா எண்ணியதால், இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகளும் அதில் வைக்கப்பட்டன. 2010இல் அந்நிறுவனம் ஜப்பானில் ஒலிநாடா வாக்மேன் விற்பனையை நிறுத்திக்கொண்டது. செய்தவரே நிறுத்திவிட்ட பின், எஞ்சியிருக்கும் கருவிகளைக் காக்கும் பொறுப்பு வைத்திருப்பவரையே சேர்கிறது.

இனி, எல்லாவற்றினும் வலிமையானதாகக் கருதப்படும் வாதத்துக்கு வருவோம்: "பாடல்கள் அனைத்தும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றனவே!" திரையிசை கிடைக்கும். ஆனால் ஊர்ப் பாடகர் குழு உயிர்ப்புப் பெருவிழாத் திருவிழிப்பில் பாடியது கிடைக்குமா? மறைந்த பங்குத்தந்தை ஒருவர் தவக்காலத் தியானத்தில் ஆற்றிய உரை கிடைக்குமா? வளைகுடா நாட்டில் உழைத்த கணவருக்கு, கடிதத்துக்குப் பதிலாகக் குழந்தைகளின் மழலையைப் பதிவு செய்து தாய்மார் அனுப்பிய நாடாக்கள் எந்தக் கைப்பேசியில் உள்ளன? உலகில் ஒரேயொரு படியாக இருக்கும் குரல்கள் இவை. அலமாரியில் அவை காத்திருக்கின்றன. கருவி போனால் அவற்றின் கதவும் அடைபடும்.

"கணினியில் ஏற்றிவிட்டுக் கருவியை எறிந்துவிடலாம்" என்பது அடுத்த யோசனை. கணினியில் ஏற்றுவதை வரவேற்கிறேன். ஆனால் அதற்கும் செம்மையாக ஓடும் கருவி ஒன்று வேண்டுமே! தளர்ந்த பெல்ட்டோடு ஓடும் கருவியிலிருந்து எடுக்கும் படியில் அதன் பழுதும் சேர்ந்தே பதிவாகும். தந்தையின் குரல் யாரோ ஒருவரின் குரலாகிவிடும். உருளை கெட்ட கருவியோ நாடாவையே கசக்கிவிடும். ஆகவே, அரிய நாடாவைப் பழுது நீக்கப்படாத கருவியில் இட்டுச் சோதிப்பது பேதைமை. கருவியைச் சரிசெய்வதே முதற்படி.

பழமை மோகத்துக்கு நான் கொடி பிடிக்கவில்லை. ஓடாத வாக்மேனைப் பெருந்தொகைக்கு வாங்கிக் கண்ணாடிப் பேழையில் அடுக்குவோர் இருக்கின்றனர். தூக்கி எறிபவரும் பேழையில் பூட்டுபவரும் ஒரே பிழையையே செய்கின்றனர். இருவரும் அப்பொருளைப் பணியிலிருந்து விலக்கிவிடுகின்றனர். பாடப் படைக்கப்பட்டது பாடட்டும்.

2022இல் மட்டும் உலகம் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவைக் குவித்தது என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. 2015இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' சுற்றுமடலில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தூக்கி எறியும் பண்பாட்டைக் கண்டித்தபோது, அது பொருளோடு நிற்பதில்லை, மனிதரையும் ஒதுக்கித் தள்ளுகிறது என்று எச்சரித்தார். பயன் குறைந்ததும் விலக்கிவிடும் பழக்கம் அலமாரியில் தொடங்கித் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் வரை நீள்வதை நாம் காணவில்லையா? ஐயாயிரம் பேர் வயிறார உண்டபின்னும், எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சொன்னவர் நம் ஆண்டவர். அப்பத்தைப் பலுகச் செய்யும் வல்லமை படைத்தவருக்கே மிச்சம் பொருட்டாக இருந்தது. வாங்கிக் குவிக்கும் வசதி மட்டுமே படைத்த நமக்கு அது பொருட்டில்லையா?

ஆகவே பங்குகளுக்கு ஒரு வேண்டுகோள். மூலையில் கிடக்கும் கருவிகளை ஒருநாள் ஓரிடத்தில் சேருங்கள். பேட்டரிகளை உடனே அகற்றுங்கள். வட்டாரத்தில் இன்னும் தொழில் செய்யும் ரேடியோ மெக்கானிக் ஒருவரை அழைத்து, உரிய கூலி கொடுத்து, இளைஞர் இருவரை அவருக்கருகே அமர்த்துங்கள். பிழைப்பவற்றைப் பிழைக்க வையுங்கள். பிழைக்காதவற்றின் உறுப்புகளைக் காத்து வையுங்கள். பின்னர் பங்கு மக்களிடம் உள்ள நாடாக்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் படியெடுங்கள். காந்தப் பூச்சும் மூப்படைகிறது; அந்த மெக்கானிக்கும் மூப்படைகிறார். நாளை என்பதற்கு இதில் அதிக இடமில்லை.