மூட்டை ஒன்று, தலை ஒன்று

ஆங்கிலத்தைப் பத்து வருஷம் படித்தவர்கள்கூட, நாலு பேர் நடுவில் அதைப் பேச அஞ்சுவதுண்டு. வார்த்தைகள் தெரியும், வினைச்சொல் காலை வாரிவிடுமோ என்றுதான் பயம். அந்தப் பயத்தைக் கொஞ்சம் போக்கக்கூடிய ஒரு விதியை இந்த வாரம் பார்ப்போம்.

“நீ போனாயா?” என்பதை, “டிட் யு வென்ட்?” என்று பலர் கேட்கிறார்கள். அது தவறு என்றால், “ஏன் ஐயா, போனது நேற்றுத்தானே? வென்ட் என்பதுதானே இறந்த காலம்?” என்பீர்கள். நியாயமான கேள்விதான்.

நம்முடைய “போனாய்” என்ற சொல்லைப் பாருங்கள். போனது எப்போது, போனது யார் என்ற இரண்டையும் அந்த ஒரே சொல் சுமக்கிறது. கேள்வியாக்க வேண்டுமா? வாலில் ஓர் “ஆ”வை ஒட்டினால் தீர்ந்தது. “போனாய்” அப்படியே இருக்கும். அந்தப் பழக்கத்தால்தான், “டிட்” போட்ட பிறகும் “வென்ட்”டை விடமாட்டேன் என்கிறோம்.

ஆங்கிலத்தில் ஏற்பாடு வேறு. “டிட்” என்ற துணைவினை வந்துவிட்டால், காலம் என்ற மூட்டையை அது வாங்கிக்கொள்ளும். மூலவினை வெறுங்கையோடு நிற்கலாம். ஆகவே, “டிட் யு கோ?” என்பதே சரி.

“ஹி கோஸ்” என்ற வாக்கியமும் அப்படித்தான். கேள்வியாக்கினால், “டஸ் ஹி கோ?” “கோஸ்” சுமந்த “ஸ்” இப்போது “டஸ்” தலைக்கு மாறிவிட்டது, பார்த்தீர்களா?

“இல்லை” என்று சொல்லும்போதும் இதே விதிதான்: “ஐ டிட் நாட் கோ.” இது நமக்குப் புதிதா என்ன? “நான் போகவில்லை” என்கிறோமே, அதில் “போனேன்” எங்கே போயிற்று? காலமும் விகுதியும் கழன்று, வெறும் “போக” அல்லவா நிற்கிறது! “போனேன்வில்லை” என்று குழந்தைகூடச் சொல்லாது.

“தங்கள் கடிதம் கிடைக்கவில்லை” என்று ஒரு கம்பெனிக்கு எழுதுகிறீர்கள். “ஐ டிட் நாட் ரிசீவ்ட்” என்று எழுதிவிடாதீர்கள்; “ரிசீவ்” போதும். கடைசியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால், வேலை கொடுக்கிறவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

ஆங்கிலேயர்களும் ஆதியிலிருந்தே இப்படிப் பேசியவர்கள் அல்ல. ஷேக்ஸ்பியர் (1564-1616) காலத்தில், “டிட்” இல்லாமலும் கேள்வி கேட்பது உண்டு. பிற்பாடுதான் அது கட்டாயமாயிற்று.

இரண்டு விலக்குகளையும் சொல்லிவிடுகிறேன். எழுவாயையே கேட்கும்போது “டிட்” வேண்டாம். “யார் போனது?” என்பதற்கு, “ஹூ வென்ட்?” என்றால் போதும். “இஸ்”, “வாஸ்” வகையறாவுக்கும் கூலியாள் தேவையில்லை. தம் மூட்டையைத் தாமே சுமக்கும். “அவன் அங்கே இருந்தானா?” என்பது, “வாஸ் ஹி தேர்?”

இனி உங்கள் முறை. “அவள் சமைத்தாளா?”, “அவர் எழுதுவதில்லை” ஆகிய இரண்டையும் ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். “டிட் ஷி குக்?”, “ஹி டஸ் நாட் ரைட்” என்று வந்ததா? பேஷ்! “குக்ட்” என்றோ “ரைட்ஸ்” என்றோ வந்திருந்தாலும் பாதகமில்லை. மூட்டை யார் தலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, இன்னொரு முறை சொல்லுங்கள்.