உடலுக்குள் ஒரு பரிணாமம்

பரிணாமம் என்றதும் நம் நினைவுக்கு வருவன ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தும் காலபாகஸ் தீவுக் குருவிகளுமே. லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடப்பது, கண்ணால் காண இயலாதது என்றே நானும் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றேன். அது முழு உண்மையன்று. ஒரு மனிதர் உண்டு, உறங்கி, வேலைக்குப் போய்வரும் நாள்களிலேயே, அவர் உடலுக்குள் டார்வினின் இயற்கைத் தேர்வு நடந்துகொண்டிருக்கலாம். ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கிவிடும் எச்.ஐ.வி. வைரஸ் அதற்குச் சான்று.

இவ்வைரசின் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ.வில் ஏறத்தாழ 9,700 எழுத்துகளில் அமைந்தது. நம் செல்லுக்குள் புகுந்ததும் அதை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் வழக்கமே கிடையாது. (நம் ஆண்டுமலருக்காவது மெய்ப்புப் பார்ப்பவர் உண்டு!) சராசரியாக மூன்று படிகளுக்கு ஒன்றில் ஓர் எழுத்து மாறிவிடுகிறது. மருந்து உண்ணாதவர் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி வைரஸ்கள் பிறப்பதாக 1996-இல் கணக்கிட்டனர். பெரும்பாலான பிழைகள் வைரசுக்கே கேடு. ஆனால் அத்தனை கோடியில் ஒன்றுக்கு வாய்ப்பான பிழை அமைந்தால் போதுமே! நம் உடல் எதிர்ப்பொருளைத் தயாரித்து முடிப்பதற்குள் வைரஸ் சட்டையை மாற்றிக்கொள்கிறது. இன்றைய எதிர்ப்பொருள் சில மாதங்களுக்கு முந்தைய வைரசையே அடையாளம் காண்கிறது.

மருந்துக்கும் இதே கதிதான். முதல் மருந்தான ஏ.இசட்.டி. 1987-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 1989-இலேயே அதற்கு அடங்காத வைரஸ்கள் நோயாளிகளிடம் காணப்பட்டன. 1996 முதல் மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறை பரவியது. ஒன்றை வெல்ல ஓரிரு பிழைகள் போதும். மூன்றையும் ஒருசேர வெல்ல ஒரே வைரசில் பல பிழைகள் கூட வேண்டும். மருந்து தடையின்றி உடலில் இருந்தால் வைரஸ் பெருகாது. பெருகாவிட்டால் மாறவும் வழியில்லை.

"அப்படியானால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர் மீதுதான் குற்றம்" என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். இங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

எனக்கு அத்தை முறையாகும் ஒருவர். பெயரும் ஊரும் வேண்டாம். அவரிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதால், சென்ற ஆண்டு தம் பழைய மருத்துவச் சீட்டுகளை நீட்டி, "எனக்கு அப்ப ஏன் மருந்த மாத்துனாங்க? படிச்சுச் சொல்லு தம்பி" என்றார். முதல்நிலை மருந்துக்கு வைரஸ் அடங்கவில்லை என்று அதில் இருந்தது. அவர் அக்கறையற்றவர் அல்லர். உள்ளூரில் எவர் கண்ணிலும் படக்கூடாதென்று இரண்டு பேருந்து மாறி அடுத்த மாவட்டத்தில் மாத்திரை வாங்கிவந்தவர். அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தவர். ஆனால் கல்யாண வீட்டில் நான்கு நாள் உறவினரோடு ஒரே கூடத்தில் படுக்க நேர்ந்தால் மாத்திரை கிடையாது.

அந்த நான்கு நாள்களில் என்ன நடந்திருக்கும்? அவர் உண்டவை ஜிடோவுடின், லாமிவுடின், நெவிரபின். முதல் இரண்டும் உடலைவிட்டு விரைவில் நீங்கிவிடும். நெவிரபின் மெல்லத்தான் நீங்கும். மூன்று காவலரில் இருவர் போய்விட, ஒருவர் மட்டும் நிற்கும் நிலை. நெவிரபினையோ ஒரே ஓர் எழுத்துப் பிழை வென்றுவிடும்! மருந்தே இல்லாத உடலில் அப்பிழைக்குத் தனிச் சலுகை இல்லை. மூன்றும் இருந்தால் அது தலைதூக்காது. இரண்டுங்கெட்டான் நிலைதான் அதற்கு வாழ்வு. வென்ற வைரஸ் உறங்கும் செல்களின் மரபணுவுக்குள் பதிந்தும்விடும். பல ஆண்டுகள் கழித்து அதே மருந்தைத் தந்தால் எழுந்துவரும்.

அந்த நான்கு நாள்களை வைரசுக்குக் கொடுத்தது யார்? அத்தையா, அவரை ஒளிந்து வாழச் செய்த ஊர்ப் பேச்சா? இயற்கைத் தேர்வுக்குச் சூழல் வேண்டும் என்று படிக்கிறோம். அந்தச் சூழலில் நம் வாயும் அடக்கம் என்பேன்.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, கண்டறிந்தவர் செல்லப்பன் நிர்மலா என்னும் மாணவி. 2004 முதல் அரசு மருந்தை இலவசமாகத் தருகிறது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பாகுபாட்டைத் தடை செய்கிறது. இன்று தரப்படும் டோலுடெக்ராவிர் முந்தைய மருந்துகளைப் போல் எளிதில் தோற்பதில்லை. மருந்தால் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவால் தொற்று பரவுவதும் இல்லை. இவ்வளவுக்குப் பின்னும் ஒவ்வொரு டிசம்பர் 1 அன்றும் நாம் சுவரொட்டியில் மண்டையோடு வரைகிறோம். அத்தை போன்ற ஒருவர் நம் வகுப்பிலேயே இருந்தால், அதைப் பார்த்துவிட்டு மாத்திரையை எங்கே வைப்பார்?

இவ்வாண்டு மண்டையோட்டுக்குப் பதிலாக மூன்று காவலரை வரையலாம். நம் துறை ஆசிரியர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், கரும்பலகையில் விளக்கிக் காட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.