நளாயினி கூடையும் பக்கவாதமும்

பக்கவாதம் வந்து ஒருவன் படுத்துவிட்டால் நம் நாட்டில் இரண்டு காரியங்கள் உடனே நடக்கின்றன. ஒன்று, தலைவிதி என்று சொல்லிப் பரிகாரத்துக்குப் பணத்தைப் பாழாக்குவது; மற்றொன்று, நோயாளியைப் பெண்சாதி அல்லது மருமகள் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் கைகழுவிக் கொள்வது.

மூளைக்குள் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது இந்நோய். அடைபட்ட குழாயை எள் விளக்கா திறக்கும்?

அது நிற்க. இரவு பகலாய்ப் பணிவிடை செய்கிற அப்பெண்ணுக்கு நாம் கொடுப்பதென்ன? குஷ்டரோகிப் புருஷனைக் கூடையில் வைத்துத் தாசி வீட்டுக்குச் சுமந்த நளாயினி கதை! அதோடு பதிவிரதைப் பட்டம்! விளங்காத கையைப் பிடித்திழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு கெடும் என்று யாராவது அவளுக்குச் சொன்னோமா? படுத்தபடி கஞ்சி ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும் என்றும், விழுங்கும் சக்தியை டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகே உட்காரவைத்து ஊட்ட வேண்டுமென்றும், இரண்டு மணிக்கொருதரம் புரட்டிவிடாவிட்டால் படுக்கைப்புண் வருமென்றும் காட்டிக் கொடுத்தோமா? நர்சுகள் வருஷக்கணக்காய்ப் படிக்கும் வேலை, பெண்ணாய்ப் பிறந்ததாலேயே ஒருத்திக்கு வந்துவிடும் என்பது சுத்தப் புரட்டல்லவா?

2004ல் வெளியான லண்டன் ஆராய்ச்சியொன்றில், 300 நோயாளிகளில் ஒரு பகுதியாரின் வீட்டாருக்கு ஆஸ்பத்திரியிலேயே இவ்வேலை பழக்கப்பட்டது. அவர்களுடைய பாரமும் மனக்கவலையும் குறைந்தன. ஒரு வருஷச் செலவும் குறைந்தது.

இதைக் கேட்டதும், “அப்படியானால் வீட்டாரே போதும், வைத்தியர் எதற்கு?” என்று சிக்கனம் பேசுவோர் கிளம்புவார்கள். அவர்களுக்கும் பதில் உண்டு. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1250 நோயாளிகளை வைத்து நடந்து, 2017ல் வெளியான ஆராய்ச்சியில், உடற்பயிற்சி கொடுக்கும் பொறுப்பு குடும்பத்தாருக்கே பழக்கி விடப்பட்டது. ஆறு மாதம் சென்று பார்த்தால், அவர்களிலும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிலும், இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்திருப்பவர்களும் நூற்றுக்கு 47 பேரே. ஆகவே வீட்டாருக்குக் கற்றுக் கொடுப்பது வேறு. வைத்தியர் வேலையை அவர்கள்மேல் தள்ளுவது வேறு.

எனவே நாம் கேட்பது இவ்வளவுதான். வீட்டாருக்குச் செய்து காட்டி, அவர்களைச் செய்யச் சொல்லிப் பார்க்காமல் எந்த ஆஸ்பத்திரியும் நோயாளியை அனுப்பக் கூடாது. 2021ல் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீடு தேடி வர வழியிருக்கிறது. அதை விடாமல் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பணிவிடை பழகுமிடத்தில் மகனும் தம்பியும் முன்னே நிற்கட்டும்.

பெற்ற தகப்பனைப் புரட்டிப் படுக்கவைப்பது ஆண்மைக்குக் குறைவென்றால், அந்த ஆண்மை யாருக்கு வேண்டும்?